கேட்ட கேள்விக்கு மட்டும்

வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள். எனக்குப் பசி இல்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது, பசிக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்றைக்கு இந்த வயிற்றுக்குள் போகவேண்டியது வேறு ஒரு வீட்டுச் சோறு. அது போகவில்லை. அந்த இடத்தில் உங்கள் புளிச்சாதத்தை வைக்க மனசு வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈரோட்டில் ஏறினேன் அல்லவா, அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன். காப்பி கொடுத்தார்கள். பீங்கான் கோப்பை, கோப்பைக்கு அடியில் தட்டு, தட்டில் இரண்டு பிஸ்கட். அந்தக் கோப்பைகள் எந்த அலமாரியில் இருக்கும், யார் வந்தால் வெளியே வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பேங்க் மேனேஜர் வந்தால் எடுப்பார்கள். வரி ஆபீஸிலிருந்து யாராவது வந்தால் எடுப்பார்கள். எனக்கு எடுத்ததில்லை. பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எனக்கு டம்ளர்தான்.

நான் போனது ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள. ‘சாப்பிட்டுப் போங்க’ என்று அந்த வீட்டில் யாராவது என்னிடம் சொல்வார்களா, மாட்டார்களா. வேறு எதற்கும் இல்லை.

யார் வீடு என்றுதானே பார்க்கிறீர்கள்? நாச்சாயி மசாலா. மஞ்சள் பாக்கெட்டில் வருமே, அவர்கள். இப்போது அவர்கள் இல்லை, மும்பைக் கம்பெனி. அது மாறியதைத்தான் சொல்ல வருகிறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். தனியாக இருக்கிறவள். பேச்சு கிடைத்தால் விடமாட்டேன்.

நான் ஆடிட்டர். ஆடிட்டராக இருந்தேன். பெயர் திலகவதி. ஈரோட்டில் ராகவன் சார் என்று ஒருவரும் நானும் சேர்ந்து ஆபீஸ் நடத்தினோம். நாச்சாயி மசாலாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்தில் மூன்று பேர். பெரியவர் சென்னியப்பன். அடுத்தவர் குமரவேல். கடைசியில் தங்கை மயிலாத்தாள், கொடுமுடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கம்பெனியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சரிசமமான பங்கு. அவர்கள் அம்மா சாகிறதற்கு முன்னால் மகளுக்கென்று ஒரு கிள்ளு எழுதிவைத்திருந்தார். சமையலில் பெருங்காயம் போடுகிற அளவுதான். யாரும் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

ஆடிட் நாட்களில் மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். ஆபீஸிலேயே தருவித்துக்கொள்கிறேன் என்று முதல் வருஷம் சொன்னேன். பெரியவரின் மனைவி தெய்வானை அக்கா நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார். “ஏனுங்க அம்மிணி, எங்கூட்டுச் சோறு உங்க கணக்குல ஒத்துக்காதுங்களா?” அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைந்தது, நெய்யை ஊற்றிவிட்டுத்தான் வேண்டுமா என்று கேட்பார். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். பரிமாறுகிற கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நான் அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

சாப்பிடும்போது பேசுவார்கள். வக்கீலிடமும் வைத்தியரிடமும் மறைக்கக்கூடாது என்பார்கள் அல்லவா, சென்னியப்பன் அண்ணா அதில் ஆடிட்டரையும் சேர்த்துக்கொண்டார். குமரவேல் வந்து அண்ணனைப் பற்றிச் சொல்வார். “அவிய பாக்கெட்டு கலரைக்கூட மாத்த விடமாட்டேங்கறாருங்க. என்ற பையன் அமெரிக்காவுல இருந்துட்டு, வித்துப்போட்டு வாங்கப்பாங்கறான்.” பெரியவர் தம்பியைப் பற்றிச் சொல்வார். கொடுமுடியிலிருந்து மயிலக்கா வந்தால் அவரும் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நான் கேட்டுக்கொள்வேன். யார் சொன்னதையும் யாரிடமும் சொன்னதில்லை. அது என் தொழில். இன்றுவரைக்கும் நான் சொன்னதில்லை, அதை நீங்கள் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டும் ஒரே கல்யாணத்தைப் பற்றியவை.

மயிலக்காவின் மகள் கோகிலாவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் தெரியும்தானே, மூத்த தாய்மாமன் வந்து மணப்பெண்ணுக்கு முன்னால் நிற்கவேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் சென்னியப்பன் அண்ணாவுக்கு நெஞ்சுவலி. பருப்பு வறுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்கும் தெரியாமல் கோயம்புத்தூர் கொண்டுபோனோம். நான்தான் கொண்டுபோனேன், தெய்வானை அக்காவும் நானும். ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். அந்த நிலைமையிலும் அவர் அக்காவைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? “நீ மண்டபத்துக்குப் போ. நான் மஞ்சச் சரக்கு மாட்டிக்கிச்சுன்னு சாங்கிலிச் சந்தைக்குப் போயிட்டன்னு சொல்லு. தாலி கட்டற நேரத்துல தாய்மாமன் ஆஸ்பத்திரியில கெடந்தான்னு தெரிஞ்சா, அந்தப் புள்ள ராசியத்தான் ஊரு பேசும்.”

தெய்வானை அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், வந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை, அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று. அண்ணனுக்குப் பதிலாகச் சீரை அவர்தான் கொடுத்தார். பிழைத்து வந்த பிறகு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “மயிலாளுக்கு இது எந்தக் காலத்துலயும் தெரியக்கூடாதுங்க அம்மிணி” என்றார். தலையை ஆட்டினேன். அது ஒரு விஷயம்.

இன்னொன்று, அடுத்த வருஷம் மயிலக்கா என்னிடம் சொன்னது. கொள்ளுப் பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அம்பது மூட்டை மஞ்சளுக்காக எங்கண்ணன் என்ற புள்ள கல்யாணத்தை விட்டுட்டுப் போயிட்டாருங்க. நாலு சனத்துக்கு முன்னால நான் எப்படி நின்னிருப்பேன். நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்றன்.” அதையும் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு காதில் அது, ஒரு காதில் இது. நடுவில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படித்தான் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஏன் விட்டேன் என்று கேட்கிறார்கள். ஆடிட்டர் வேலை என்றால் என்ன, நீங்கள் யோசித்துப் பாருங்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு போய் நிற்கிற வேலை. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எச்சிலிலையைப் பார்த்துச் சொல்கிற வேலை. எனக்கும் ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று இருந்தது. ராகவன் சாரிடம் சொன்னால், “உனக்கு இங்கே என்னம்மா குறை” என்பார். பெயர்ப்பலகையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. குறை என்று அதைச் சொல்லமுடியுமா?

அப்போதுதான் இந்த இன்வெஸ்ட்மெண்ட் பேங்க்காரர்கள் கூப்பிட்டார்கள். பேங்க் என்றால் நாம் பணம் போடுகிற பேங்க் இல்லை. கம்பெனியை விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இடையில் நின்று முடித்துக்கொடுக்கிறவர்கள். கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கோட்டுப் போட்ட தரகர். சென்னையில் ஆபீஸ், தலைமை மும்பை. நிகில் என்று ஒருத்தர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், அவர்தான் இண்டர்வியூ செய்தார். நான் ஒரு மாசமாக ராத்திரி பகலாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். கம்பெனிக்கு விலை போடுவது எப்படி, கடனை எப்படிக் கழிப்பது, எல்லாம். அவர் அதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரே கேள்வி கேட்டார். உங்கள் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் வீட்டில் நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று.

எல்லார் வீட்டிலும் என்றேன்.

அப்போதே கையைக் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் செய்த வேலையில் எது பெரிது என்று கண்டுபிடிக்க ஒருத்தர் மும்பையிலிருந்து வரவேண்டியிருந்தது பாருங்கள்.

அந்த வேலையில் சேர்ந்தால் ஆடிட்டராகத் தொழில் செய்கிற சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். சட்டம் அது. கொடுத்தேன். கொடுத்த கையோடு ஈரோடு போய்ச் சென்னியப்பன் அண்ணாவிடம் சொன்னேன். “அண்ணா, நான் இனிமேல் ஆடிட்டர் இல்லைங்க. சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.” அவர் சிரித்தார். “சர்டிபிகேட்டைத்தானுங்களே குடுத்தீங்க, அறிவையுமா திருப்பிக் குடுத்துட்டீங்க? நீங்க என்னைக்கும் எங்க ஆடிட்டரம்மாதான்.” தெய்வானை அக்கா உள்ளேயிருந்து, “பேச்சை அப்பறம் பேசிக்கலாம், இலை போட்டாச்சு” என்று கூப்பிட்டார். நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னதை எடுத்துக்கொள்ளாதவர்களை நான் என்ன செய்வது?

அதற்கப்புறமும் போய்க்கொண்டிருந்தேன். புது ஆடிட்டர் ஒரு பையன், அவனுக்கு ஆபீஸில் பார்சல் சாப்பாடு. எனக்கு வீட்டில். வருமான வரி நோட்டீஸ் வந்தால் எனக்குத்தான் போன். குமரவேலின் மகனுக்குப் பெண் பார்த்தால் எனக்குத்தான் போன். விசிட்டிங் கார்டு கொடுத்தேன். சாமி படத்துக்குக் கீழே செருகிவைத்தார்கள். படித்தார்களோ என்னவோ.

அப்படி இருக்கும்போதுதான் மும்பைக் கம்பெனி ஒன்று தெற்கே மசாலா வியாபாரத்தில் இறங்கப் பார்த்தது. எங்கள் பேங்க் அவர்கள் பக்கம். வாங்குகிறவன் பக்கம். நிகில் என்னைக் கூப்பிட்டு ஒரு பெயரைச் சொன்னார். நான் சொல்லவில்லை, அவராகத்தான் சொன்னார். நாச்சாயி.

குமரவேல் உடனே சரி என்றார். பெரியவர் முடியாது என்றார். கோபப்பட்டெல்லாம் சொல்லவில்லை, மோர் வேண்டாம் என்கிற மாதிரி சொன்னார். “அம்மா பேருங்க அது. வித்துட்டு நான் காலையில எந்திரிச்சு எங்க போவேன்?” என்னிடமே கேட்டார், “நீங்க என்ன சொல்றீங்க அம்மிணி?” விலை நல்ல விலை என்றேன். உண்மையிலேயே நல்ல விலை. ஈரோட்டில் எந்த மசாலாவுக்கும் அந்த விலை கிடைத்ததில்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தங்கை எந்தப் பக்கம் உட்காருகிறாளோ அந்தப் பக்கம் கனம். இதை நான் நிகிலிடம் சொன்னேன். அது ரகசியம் இல்லை, அரசாங்கத்தில் தாக்கல் செய்கிற விஷயம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தத் தங்கையை யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டார். என்னைத் தவிர வேறு யாருக்கு வழி தெரியும்?

கொடுமுடிக்குப் போனேன். மயிலக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“எங்கண்ணன் வேண்டாங்கறாருங்களே அம்மிணி. நான் சின்னண்ணன் பக்கம் போனா பெரியவர் வருத்தப்படுவாரே.”

“வருத்தப்படுவாருங்கக்கா.”

“அப்பறம் எப்படிங்க?”

“உங்க பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நீங்க வருத்தப்பட்டீங்களே, அது அவருக்குத் தெரியுமாங்கக்கா?”

கேள்விதான் கேட்டேன். அதில் பொய் இருக்கிறதா சொல்லுங்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மயிலக்கா எழுந்தார். சந்தகை பிழிகிற கட்டையைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

“அன்னிக்கு அவரு மெய்யாலுமே சாங்கிலிக்குத்தான் போனாருங்களா? உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். அழுதிருப்போம், கட்டிக்கொண்டிருப்போம். ஆனால் அண்ணாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எந்தக் காலத்திலும் என்று சொல்லியிருந்தார். கட்சிக்காரர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது என் ரத்தத்தில் கிடையாது. “அதை நான் சொல்லக்கூடாதுங்கக்கா. அது கம்பெனி விஷயம்” என்றேன். ஆடிட்டர் பழக்கம் அது. கேட்ட கேள்விக்கு மட்டும், எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு மட்டும்.

“அப்ப மஞ்சளுக்காகத்தான் போயிருக்காரு,” என்றார் மயிலக்கா. நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தகை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் சின்னண்ணனுக்குப் போன் செய்துவிட்டார். பெரியவருக்குச் சேதி போனதும் சண்டை வரும், கேஸ் வரும் என்று எங்கள் ஆபீஸில் வக்கீல்களையெல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். “மயிலாளே போவட்டும்னு சொல்லிட்டா, நான் யாருக்குங்க அம்மிணி புடிச்சுட்டு நிக்கறது? பேப்பரைக் கொண்டாங்க” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்கே ஆச்சரியம். அந்த வருஷத்தில் எங்கள் ஆபீஸில் சண்டை இல்லாமல் முடிந்தது அது ஒன்றுதான். நிகில் எல்லார் முன்னிலையிலும் அதைச் சொல்லிக் கைதட்டினார்.

கையெழுத்து கோயம்புத்தூரில், ஒரு பெரிய ஓட்டலில். நீளமான மேஜை. குடும்பம் ஒரு பக்கம், வாங்குகிறவர்கள் எதிர்ப்பக்கம். சென்னியப்பன் அண்ணா வந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டி, “இங்க வாங்க அம்மிணி” என்றார். நான் போயிருப்பேன். நிகில் ஒரு பார்வை பார்த்தார். எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். என் இடம் அதுதானே, முறைப்படி.

அண்ணாவுக்குப் புரியவில்லை. “ஏனுங்க அம்மிணி, அந்தப் பக்கம் போயிட்டீங்க? ஏசி காத்து இங்க ரொம்ப அடிக்குதுங்களா?” என்று கேட்டார். யாரையோ கூப்பிட்டு ஏசியைக் குறைக்கச் சொன்னார். அந்த நேரத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பக்கம் பக்கமாகக் காகிதம். ஒரு இடத்தில் நிறுத்தி, “அம்மா பேருமா?” என்றார். “பேரைத்தாங்கண்ணா வாங்கறாங்க” என்றேன். “சரி, எங்க போடோணும்னு காட்டுங்க. இத்தன வருசம் நீங்க காட்டுன எடத்துலதான போட்டிருக்கறன்.” மேஜைக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டினேன். போட்டார்.

ஓட்டலில் வடநாட்டுச் சாப்பாடு. அண்ணா தயிர்சாதம் கேட்டார். இருந்தது. தெய்வானை அக்கா என் தட்டைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் தின்னுட்டு வயித்தைக் கெடுத்துக்காதீங்க அம்மிணி, சாயங்காலம் ஊட்டுக்கு வாங்க” என்றார். கடைசியாக அந்த வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான். எனக்கு மும்பைக்குப் பிளைட் இருந்தது. போகவில்லை.

அப்புறம் நடந்தது எனக்குக் குமரவேல் சொல்லித் தெரியும். ஒரு அமாவாசைக்கு மயிலக்கா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். பெரியவர் திண்டாடிக்கொண்டிருந்திருக்கிறார், போக இடமில்லாமல், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு. மயிலக்கா ஏதோ வேடிக்கையாக, “மஞ்சள் மூட்டையோட அருமை இப்பத் தெரியுதாண்ணா” என்று சொல்லியிருக்கிறார். தெய்வானை அக்காவால் தாங்கமுடியவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பட்டுச்சேலை, சாங்கிலிப் பொய், எல்லாம்.

மயிலக்கா ஒன்றுதான் கேட்டாராம். “ஆடிட்டரம்மாவுக்கு இது தெரியுமா?”

“அவிய மடியிலதானம்மா நான் உங்கண்ணன் சட்டையைக் குடுத்துட்டு மண்டபத்துக்கு வந்தேன்,” என்றாராம் அக்கா.

அவ்வளவுதான். அன்றோடு முடிந்தது. பாருங்கள், மனசுவிட்டுப் பேசாமல் இருந்த அண்ணனும் தங்கையும் ஒன்று. சரி, அது நல்லது. தம்பியும் அவர்களோடு ஒன்று. விற்கவேண்டும் என்று என் காலைச் சுற்றியவர் அந்தத் தம்பி. அமெரிக்கா போய்ப் பேரனைப் பார்க்கிறார், என்னால்தான் பார்க்கிறார், என் போனை எடுப்பதில்லை. வெளியே நிற்பவள் நான் ஒருத்திதான். வாக்குக் காப்பாற்றினவள். ரகசியத்தை உடைத்தது தெய்வானை அக்கா, அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உடைக்காத என்னைத்தான் தள்ளிவைத்தார்கள். இது என்ன நியாயம் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஈரோட்டில் ஒரு வீட்டில் கதவு சாத்தினால் மற்ற வீட்டுக்கெல்லாம் சத்தம் கேட்டுவிடும். நான் சாப்பிட்ட வீடுகளில் ஒவ்வொன்றாகப் பீங்கான் கோப்பை வர ஆரம்பித்தது. ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டில் ஆள் ஊரில் இல்லை என்று சொன்னார்கள், உள்ளே அவர் செருமுகிற சத்தம் கேட்கிறது. அடுத்த குடும்பம் எது, அடுத்தது எது என்று நிகில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்பதை நிறுத்தினார். அடுத்த மாசம் என் இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்தாள். மதுரைப் பக்கத்து ஆடிட்டர். கெட்டிக்காரப் பெண். செட்டிநாட்டு வீடுகளிலெல்லாம் பழக்கம் என்றார்கள்.

அதுவும் துரோகம்தான். ஆனால் அவன் துரோகம் எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அவன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

இதுதான் வலிக்கிறது. இன்று காலையில் போனேன். சொல்லாமல்தான் போனேன், சொன்னால் ஊரில் இல்லை என்று விடுவார்களோ என்று. தெய்வானை அக்கா முன்கட்டுக்கு வந்தார். அதே சிரிப்பு. “வாங்க மேடம்” என்றார்.

அடித்திருக்கலாம். அந்த வீட்டில் என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உட்காரச் சொன்னார்கள், ஆபீஸ் ஆட்கள் உட்காருகிற நாற்காலியில். சென்னியப்பன் அண்ணா வந்து எதிரில் உட்கார்ந்து, பயணமெல்லாம் சௌகரியங்களா, சென்னையில மழைங்களா என்று கேட்டார். மழையைப் பற்றிப் பேசினோம். உள்ளே தாளிக்கிற வாசனை. கொள்ளுப் பருப்பு. மயிலக்காவின் குரல் கேட்டது, யாரையோ கறிவேப்பிலை பறிக்கச் சொன்னார். நான் வந்திருப்பது தெரிந்ததும் அந்தக் குரலும் நின்றது.

“அண்ணா, கோபமிருந்தா திட்டுங்க. இப்படிப் பேசாம இருக்காதீங்க” என்றேன்.

“உங்ககிட்ட என்னத்தங்க மேடம் பேசறது? பேசிப் பேசித்தானுங்க எல்லாம் போச்சு,” என்றார். எந்தக் காரமும் இல்லாமல் சொன்னார். அப்புறம் எழுந்து நின்று கும்பிட்டார். பெரியவர் எழுந்து கும்பிட்டால் என்ன செய்வது, நானும் எழுந்தேன். வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். மரியாதையில் ஒரு குறை சொல்லமுடியாது. பருப்பு வாசனை தெருமுனைவரைக்கும் வந்தது.

என்ன தப்புச் செய்தேன் சொல்லுங்கள். பொய் சொன்னேனா, பணம் எடுத்தேனா? கேட்டதற்குப் பதில் சொன்னேன். சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒரு இடத்திலும் என் தப்பு தட்டுப்படவில்லை.

சேலம் தாண்டிவிட்டதா? பாருங்கள், என் கதையிலேயே உங்களை உட்காரவைத்துவிட்டேன். ஆமாம், இப்போது தனியாகத்தான் செய்கிறேன், இதே வேலை. தெரிந்தவர்கள் இருந்தால் இடையில் நின்று முடித்துக்கொடுப்பது. நிகில் மாதிரி ஆட்கள் வேண்டியதில்லை.

நீங்கள் என்ன, என் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கிறீர்கள். எனக்காக இல்லையே? திருப்பூர் தாண்டும்போது போனில் பேசிக்கொண்டு வந்தீர்களாமே, எதிர் சீட்டு அம்மா சொன்னார், காங்கேயத்தில் எண்ணெய் மில் என்று. உங்கள் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் முகம்பார்த்துப் பேசி ஒரு வருஷம் ஆகிறதா? அடப் பாவமே. ஒரே கூரைக்குள் இருந்துகொண்டா? யாரிடமும் சொல்லாமல் எப்படி இதை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சரி, அந்தப் புளிச்சாதத்தில் எனக்கும் ஒரு பிடி கொடுங்கள். நீங்கள் இவ்வளவு சொல்லும்போது வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. இலையெல்லாம் வேண்டாம், கையிலேயே போடுங்கள். நல்ல ருசி. நல்லெண்ணெய் உங்கள் மில்லில் ஆட்டியதா?

அழாதீர்கள். சென்னை வர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, நிதானமாகச் சொல்லுங்கள். அண்ணன் ஒரு பக்கம், உங்கள் வீட்டுக்காரர் ஒரு பக்கம். அது புரிகிறது. நடுவில் வேறு யாருக்காவது, சின்னதாக ஒரு பங்கு இருக்குமே?